சந்தை ஆடு வீட்டு ஆடாக: முதல் ஒரு மாதத்துக்கான முழு வழிகாட்டி

சந்தையில் துள்ளிக்கொண்டு நின்ற ஆடு, வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மூக்கு ஒழுகிப் படுத்துவிட்டால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல நேரம் காரணம் வேறு. ஒரே நாளில் அந்த ஆட்டுக்குத் தீனி, தண்ணீர், தரை, கூட்டாளி எல்லாமே மாறிவிட்டது. போதாததற்குப் புது ஆடு வந்த சந்தோஷத்தில் நாமும் அகத்திக்கீரையைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுகிறோம், மீந்த சோற்றைக் கொட்டுகிறோம், அன்றைக்கே பழைய ஆடுகளோடு அவிழ்த்து விடுகிறோம். புது ஆட்டைப் பட்டினி போட்டுக் கொல்பவர் யாருமில்லை. விருந்து வைத்துக் கொல்பவர்கள்தான் ஊருக்கு நாலு பேர்.

வீட்டை ஒட்டி இரண்டு முதல் பத்து வெள்ளாடு வரை வளர்க்க நினைக்கும் மதுரைச் சுற்றுவட்டாரத்துக்காரர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். செம்மறிக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் செம்மறியின் மேய்ச்சல் முறையே வேறு என்பதால் அதைத் தொடவில்லை.

ஆட்டுக்கு முன்னால் கொட்டகை

ஆட்டை வாங்கிவிட்டுக் கொட்டகை போடலாம் என்று இருக்காதீர்கள். இரண்டு இடங்கள் தயாராக இருக்க வேண்டும். ஒன்று நிரந்தரக் கொட்டகை. மற்றொன்று, புதிதாக வரும் ஆடுகளை ஒரு மாதம் ஒதுக்கி வைக்க ஒரு தனி இடம். வீட்டில் ஏற்கெனவே ஆடு இல்லையென்றால் இரண்டாவது இடம் தேவையில்லை. நிரந்தரக் கொட்டகையிலேயே விடலாம்.

பெட்டை ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி, கிடாவுக்கு 20 சதுர அடி, குட்டிக்கு 4 அல்லது 5 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் சாய்ங்கால வெயிலும் நேராக உள்ளே அடிக்காது. கூரைக்கு என் ஓட்டு கீற்றுக்கோ பனை ஓலைக்கோதான். சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், ஏன் என்று புரியும். தகரம்தான் போட முடியும் என்றால் அதன்மேல் கீற்றைப் பரப்பிவிடுங்கள்.

தரை விஷயத்தில் பரண் நல்லதா, மண் தரை நல்லதா என்று ஓயாமல் விவாதம் நடக்கும். மேடான இடமும் செம்மண் தரையும் இருந்து, தினமும் கூட்டிப் பெருக்க ஆளும் இருந்தால், ஐந்தாறு ஆட்டுக்கு மண் தரையே போதும். தாழ்வான இடம், மழையில் தண்ணீர் நிற்கும் என்றால் தரையிலிருந்து 3 அல்லது 4 அடி உயரத்தில் பரண் போட்டுவிடுங்கள். பலகைகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். புழுக்கை விழ அது போதும். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் உள்ளே போகும்.

வேலியை ஆட்டுக்காக அல்ல, நாய்க்காகப் போடுங்கள். வீட்டோரம் ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெருநாயை விடப் பெரிய எதிரி இல்லை. புது ஆட்டுக்கு ஓடி ஒளிய இடமும் தெரியாது. இரவில் அடைக்கும் இடத்துக்குச் சுற்றிலும் 4 அடிக்குக் குறையாத கம்பி வலை, கீழே நாய் பறித்து நுழையாதபடி கல், வாசலுக்கு இறுக்கமான படல் அல்லது கதவு, இவ்வளவும் முதல் நாளே இருக்க வேண்டும். கிளுவை வேலி மட்டும் இருந்தால் அதை நம்பிப் படுக்காதீர்கள்.

வளாகத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வாசலில் அழகுக்கு வைத்த அரளி இருந்தால் ஆட்டுக்கு எட்டாதபடி செய்யுங்கள். அதன் இலை கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. ஊமத்தை, ஆமணக்கு விதை, உண்ணிச்செடி, வாய்க்கால் ஓரத்து நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாம் அந்த வரிசைதான். பிளாஸ்டிக் பையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இரைப்பையில் சேர்ந்த பை தானாக வெளியே வராது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எதை, எங்கே வாங்குவது

திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. சந்தையில் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், விலையும் பேசலாம். ஆனால் நாலு மாவட்டத்து ஆடுகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் இடமும் அதுதான். பக்ரீத், தீபாவளி, ஆடி மாதக் கிடாவெட்டு நெருங்கும் வாரங்களில் கூட்டமும் கூடும், விலையும் ஏறும், நோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். வளர்க்க வாங்குபவர் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. முடிந்தால் தெரிந்த ஒருவர் பட்டியில், ஒரே இடத்தில், எல்லா ஆட்டையும் வாங்குங்கள். நூறு இருநூறு கூடக் கேட்டாலும் பரவாயில்லை. அது என்ன தின்று வளர்ந்தது, தடுப்பூசி போட்டார்களா, எத்தனை ஈற்று ஈன்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இனம் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். நம் வெயிலுக்கும் வறண்ட காட்டுக்கும் தென் மாவட்டங்களின் கன்னி ஆடும் கொடி ஆடும் பழகியவை. கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு ஓடினால் செங்கன்னி. முதல் தடவை வளர்ப்பவர் போயர், ஜமுனாபாரி என்று பெரிய விலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

இனத்தை விட முக்கியமானது, ஆடு எந்த நிலத்திலிருந்து வருகிறது என்பது. ஒரே மாவட்டம்தானே என்று இதை யாரும் யோசிப்பதில்லை. பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசல் காட்டில் கருவேல நெற்றும் காய்ந்த புல்லும் கடித்து வளர்ந்த ஆட்டைச் சோழவந்தான் வயல்காட்டுக்குக் கொண்டுபோனால், அதற்கு அது வேறு நாடு. புல் பச்சையாக, தண்ணீர் சத்தோடு இருக்கும். வாய்க்கால் கரையில் நத்தை இருக்கும், நத்தை வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழுவும் இருக்கும். அந்த ஆட்டுக்கு இரண்டுமே புதிது. உங்கள் ஊர் நிலத்துக்கு ஒத்த நிலத்திலிருந்து வாங்கினால் பாதி வேலை குறையும்.

வாங்கும்போது கையால் தொட்டுப் பாருங்கள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது என்று அர்த்தம். தாடைக்கு அடியில் தண்ணீர் கோத்த மாதிரி வீக்கம் இருந்தால் அந்த ஆட்டை விட்டு நகர்ந்துவிடுங்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள், கழிச்சல் ஒட்டியிருக்கக் கூடாது. உதட்டோரம் பொருக்கு, மூக்கில் சளி, நொண்டல் எதுவும் ஆகாது. தாயாடு என்றால் இரண்டு காம்பிலும் ஒரு பீச்சுப் பீச்சிப் பார்த்து, மடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வயிறு புடைத்திருப்பதை வைத்து மட்டும் சினை என்று முடிவு செய்யாதீர்கள். சந்தைக்கு வரும் வழியில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிக் கொண்டுவருவதும் உண்டு.

வயதைப் பல் சொல்லும். கீழ்த்தாடையின் முன்வரிசையில் எட்டுப் பற்கள். மேலே முன்பல் கிடையாது. எட்டும் சிறுசாக இருந்தால் பால்பல், ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது. நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் பெரிய பல்லாக இருந்தால் மூன்றரை, நாலு வயது. வீட்டில் பழக்கி எடுக்க இரண்டு பல், நாலு பல் பெட்டைகள்தான் தோதானவை.

ஒற்றை ஆடு மட்டும் வாங்காதீர்கள். தனியாக விட்ட வெள்ளாடு கத்திக்கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும், தீனி எடுக்காது, வேலியைத் தாண்டப் பார்க்கும். பழகிய இரண்டை ஒன்றாக வாங்கினால் இந்தத் தொல்லை பாதியாகிவிடும்.

விலை முடிந்ததும் விற்பவரிடம் இன்னொன்று கேளுங்கள்: அங்கே போடும் தீனியில் நாலைந்து நாளைக்கு வருகிற மாதிரி ஒரு சாக்கு. கடலைக்கொடியோ, உளுந்தம் பொட்டோ, சோளத்தட்டையோ, எதுவாக இருந்தாலும் சரி. காசு கேட்டால் கொடுத்து வாங்குங்கள். இது ஏன் என்று பின்னால் வருகிறது.

ஏற்றி வரும் நாள்

விடிகாலையோ வெயில் தாழ்ந்த பிறகோதான் ஏற்ற வேண்டும். குட்டியானை வண்டி பிடித்தால் முதலில் கழுவச் சொல்லுங்கள். நமக்கு முன்னால் அதில் எந்த ஊர் ஆடு போனதோ. தளத்தில் வைக்கோல் பரப்பினால் கால் வழுக்காது. கழுத்துக் கயிற்றைக் குட்டையாகக் கட்டாதீர்கள்; பிரேக் போடும்போது சுருக்கு விழும். கிடாவைத் தனியாகத் தடுத்துவிடுங்கள். காலைக் கட்டி பைக்கில் குறுக்கே போட்டுக் கொண்டுவருவது வேண்டவே வேண்டாம். வயிறு அழுந்தி மூச்சு முட்டும். ஏற்றுவதற்கு முன் வயிறு முட்டத் தீனி போட வேண்டாம், கொஞ்சம் காய்ந்த தீனி போதும்.

முதல் இரவும் முதல் மூன்று நாளும்

இறக்கியதும் நிழலில் விட்டு அரை மணி நேரம் சும்மா இருக்க விடுங்கள். அப்புறம் தண்ணீர். ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைத்தால் களைப்புத் தீரும். குடிக்கவில்லை என்றால் வெறும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். புது ஊர்த் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் முதல் நாள் சில ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் இரவுத் தீனி, கூடவே கொண்டுவந்த அந்தச் சாக்கிலிருந்துதான். தவிடு, புண்ணாக்கு, அரிசி, சோறு ஒன்றும் வேண்டாம். அன்றைக்குக் குளிப்பாட்டவும் வேண்டாம், மருந்து ஊற்றவும் வேண்டாம், ஊசி போடவும் வேண்டாம். வந்த களைப்பில் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். பயண அலைச்சலுக்குப் பின் சளிக்காய்ச்சல் வருவது இதனால்தான். பார்க்க வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக்கூட இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். மல்லிகை மொட்டு மாதிரி தடவித்தடவிப் பார்த்தால் ஆடு மிரளும்.

இரண்டாம் நாளிலிருந்து கவனிக்க வேண்டியது மூன்றே: அசை போடுகிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா, ஒன்றுக்குப் போகிறதா. இந்த மூன்றும் சரியாக இருந்தால் தீனி குறைவாக எடுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு வேளைக்கு மேல் அசை போடாமல் நின்றால்தான் கவலை.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆட்டுக்கென்றே வாங்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் நிழலில் நிற்கும் ஆட்டுக்கு 102 முதல் 103.5 பாரன்ஹீட் வரை இருக்கலாம். மனிதக் கணக்கில் அது காய்ச்சல். ஆட்டுக்கு அது இயல்பு. மதியம் கொஞ்சம் ஏறும். காலையிலேயே 104.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முதல் பத்து நாளும் காலையில் பார்த்து ஒரு காலண்டர் தாளில் குறித்து வைத்தால், மருத்துவர் வரும்போது நீங்கள் கதை சொல்ல வேண்டியதில்லை.

தீனி மாற்றம்: இதில்தான் முக்கால்வாசி

ஆட்டின் பெரிய இரைப்பைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. தீனியைச் செரிப்பது அவைதான். கருவேல நெற்றும் காய்ந்த கொடியும் தின்ற ஆட்டின் வயிற்றில் அதற்கேற்ற நுண்ணுயிர்கள்தான் பெருகியிருக்கும். திடீரென்று அரிசியோ மக்காச்சோளமோ போய் விழுந்தால், மாவுச்சத்தைத் தின்னும் வகை ஒரே இரவில் பெருகி அமிலத்தைக் கொட்டும். வயிறு கல் மாதிரி ஆகும், அசை நிற்கும், கழியும், தள்ளாடும், ஒன்றிரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிடும். கல்யாண வீட்டு மீந்த சோற்றைத் தின்றும், முற்றத்தில் காயப்போட்ட நெல்லை மேய்ந்தும் செத்த ஆடுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தானியத்தைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் உடனே தண்ணீரையும் பசுந்தீனியையும் அள்ளிக் கொடுக்காமல், காய்ந்த தட்டையை மட்டும் போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆப்ப சோடா எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் எடை பார்த்துச் சொல்வார்.

அந்த நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் முதல் மூன்று நாள் முழுக்கப் பழைய தீனி. நாலாம் நாளிலிருந்து நாலில் ஒரு பங்கு உங்கள் தீனி. ஒரு வாரம் கழித்துப் பாதிக்குப் பாதி. இரண்டாம் வாரக் கடைசியில் முழுக்க உங்களுடையது. கொண்டுவந்த சாக்கு இதற்குள் தீர்ந்துவிடும் என்றால், அதே மாதிரித் தீனியைக் கொஞ்சம் உள்ளூரில் வாங்கி நீட்டித்துக்கொள்ளுங்கள்.

பழகிய பிறகு வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 3 முதல் 5 கிலோ பசுந்தீனியும் கொஞ்சம் உலர்தீனியும் ஆகும். வெறும் புல்லை விட மரக்குழைதான் வெள்ளாட்டுக்குப் பிடித்தது. தலையைத் தூக்கித் தின்னத்தான் அதற்கு ஆசை. தொரட்டியை எடுத்து வேம்பு, பூவரசு, வாகை, கொடுக்காப்புளி, ஆல், அரசு என்று நாலு மரத்திலும் ஒடித்து, கட்டாகக் கட்டித் தலைமட்டத்தில் தொங்கவிடுங்கள். கீழே போட்டால் மிதித்துவிட்டு அப்புறம் தொடாது. ஆடு அவ்வளவு சுத்தக்காரி. அகத்தி நல்லதுதான், ஆனால் கூடவே உலர்தீனி இல்லாமல் அதையே அள்ளிப் போட்டால் வயிறு உப்பும். சூபாபுல் இலையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பசுந்தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கிளைரிசிடியா மர இலையின் வாடை புது ஆட்டுக்குப் பிடிக்காது. வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால் மெல்லக் கடிக்கத் தொடங்கும். இளஞ்சோளப் பயிரும், அறுத்த சோளத்தில் மறுபடி துளிர்த்த துளிரும், மரவள்ளி இலையும் சயனைடு நச்சு உள்ளவை. பூக்காத சோளக்கொல்லையில் ஆட்டை விடாதீர்கள்.

தவிடு, புண்ணாக்கு, தானியம் போன்ற அடர்தீனி மூன்றாவது வாரத்தில்தான். கைப்பிடியில் தொடங்கி 100 கிராம், பின் 200, அதற்கு மேல் சினையாட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும்தான். பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அதிலுள்ள நச்சு கல்லீரலைக் கெடுக்கும். கிடாவைக் கொழுக்க வைக்கிறேன் என்று தவிடும் தானியமுமாகத் திணித்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். காயடித்த கிடாவுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். தாது உப்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, தண்ணீரை எப்போதும் நிரப்பி வையுங்கள்.

ஒதுக்கி வைக்கும் மாதம்

பழைய ஆடுகள் இருக்கும் வீட்டில், புதிதாக வந்தவற்றை 21 முதல் 30 நாள் வரை தனியாக வைக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்பவர்கள் குறைவு. ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி உள்ளே போனால் வெளியே தெரிய பெரும்பாலும் 4 முதல் 6 நாள் ஆகும், சிலவற்றில் பத்து நாள்கூட ஆகும். சந்தையில் தொற்றிய ஆடு உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது நன்றாகவே இருக்கும் என்பது இதனால்தான். கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்க்குள் புண், பிறகு இருமலும் நாற்றமடிக்கும் கழிச்சலும் என்று வந்தால் அதுவாக இருக்கலாம். வைரஸ் என்பதால் நேரடி மருந்து கிடையாது, தடுப்பூசிதான் காப்பு.

ஒதுக்கிய இடம் பழைய கொட்டகையிலிருந்து முடிந்தவரை தள்ளி, காற்று அந்தப் பக்கம் அடிக்காத திசையில் இருக்கட்டும். வாளி, கயிறு, விளக்குமாறு எல்லாம் தனி. வேலை செய்யும் வரிசை முக்கியம்: முதலில் பழைய ஆடுகளுக்குத் தீனி, தண்ணீர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் புது ஆடுகளிடம் போக வேண்டும். திரும்பும்போது கைகாலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். உதட்டில் பொருக்குப் புண்ணோடு வரும் வாய்ப்புண் நோய் மனிதர் கையிலும் தொற்றும். புது ஆடு கருச்சிதைந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது. கையுறை போட்டு எடுத்து ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவிவிட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடற்புழு நீக்கத்தை ஒரு வாரம் கழித்து, ஆடு நன்றாகத் தின்னத் தொடங்கியதும் செய்யலாம். அதற்கு முன் புழுக்கையைக் கொஞ்சம் சின்ன டப்பாவில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால், எந்தப் புழு என்று பார்த்து மருந்து தருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கடையில் கிடைப்பதை வாங்கி ஊற்றுவதை விட இது எவ்வளவோ மேல். சினையாடு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அல்பெண்டசோல் மாதிரி மருந்துகள் சினையின் தொடக்க நாட்களில் கருவுக்குக் கேடு செய்யும்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 24.6 கிலோ, இருபத்தைந்துக்குப் பக்கம். குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஊற்றும்போது ஆட்டின் முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து மெல்ல விடுங்கள்.

தடுப்பூசியை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி நாலு மாதத்துக்கு மேற்பட்ட குட்டியிலிருந்து போடலாம்; ஒரு முறை போட்டால் மூன்று வருடம் வரை காக்கும். துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கு ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால். முதல் தடவையாகப் போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் விட்டு இரண்டாவது ஊசியும் வேண்டும். ஐப்பசி மழையில் புல் துளிர்த்ததும் கொழுத்த, ஆரோக்கியமான ஆடுதான் துள்ளி விழுந்து சாகும். பேராசையோடு தின்னும் ஆட்டைத்தான் துள்ளுமாரி தேடிப் பிடிக்கும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழை வந்தபின் ஓடிப் பயனில்லை. காய்ச்சலோடு இருக்கும் ஆட்டுக்கு எந்த ஊசியும் போடச் சொல்லாதீர்கள்.

அவசரம் என்றால் 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். பயிற்சியாகவே கற்றுக்கொள்ள விரும்பினால் திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆடு வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு தடவை போய் வருவது இன்னும் நல்லது.

தெள்ளுப்பூச்சி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புது ஆட்டின் ரோமத்தில் ஏறித்தான் உங்கள் கொட்டகைக்குள் வரும். மண் தரைப் புழுதியில் முட்டையிட்டுப் பெருகி, குட்டிகளின் ரத்தத்தைக் குடித்தே சாகடித்துவிடும். ஆட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் போகாது. தரையின் மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தி, நன்றாக வெயில் காயவிட்டு, சுண்ணாம்புத்தூள் தூவ வேண்டும். மருந்தின் கலவை அளவை மருத்துவர் சொல்லட்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஆட்டின் மேல் அடிக்காதீர்கள்.

பழைய கூட்டத்தோடு சேர்ப்பது

மாதம் முடிந்தது, ஆடு நலம் என்றால் ஒரே நாளில் திறந்து விடாமல், முதலில் மூன்று நாலு நாள் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விடுங்கள். பார்த்து, மோந்து, கத்தி ஓயட்டும். பிறகு கொட்டகைக்குள் அல்ல, திறந்த வெளியில், வயிறு நிறைந்த சாயங்கால நேரத்தில் சேருங்கள். தோற்ற ஆட்டுக்கு ஓட இடம் வேண்டும்.

முட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஒவ்வொரு மந்தையிலும் யார் பெரியவள் என்று ஒரு வரிசை உண்டு, புதுசு வந்தால் அந்த வரிசையைத் திரும்பப் போட வேண்டும். ரத்தம் வராத வரை குறுக்கே போகாதீர்கள். நாம் பிரித்துவிட்டால் நாளைக்கு முதலிலிருந்து தொடங்கும். நிறைசினை ஆட்டையும் சின்னக் குட்டிகளையும் மட்டும் விலக்கி வையுங்கள். குட்டிகளைக் கொடாப்பு என்னும் பெரிய கூடையால் கவிழ்த்து வைக்கலாம். குழைக்கட்டை ஒரே இடத்தில் தொங்கவிடாமல் நாலு மூலையில் தொங்கவிட்டால் தோற்றதும் தின்னும். தொட்டி என்றால் தலைக்கு ஒரு அடி நீளம் வேண்டும். ஒரு வாரம் கழித்தும் ஒரு ஆடு மட்டும் ஒதுங்கி ஒட்டிய வயிறோடு நின்றால், அதோடு வந்த தோழியையும் சேர்த்து இரவில் தனியாக அடையுங்கள்.

மேய்ச்சலுக்கு

முதல் சில நாள் நீளக்கயிற்றில் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி மட்டும் நடத்துங்கள். எந்தக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் மனதில் பதிய வேண்டும். தினமும் ஒரே ஒலியில் கூப்பிட்டு, கையில் ஒரு பிடி நெற்று காட்டுங்கள். இரண்டு வாரத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும். முளைக்குச்சியில் கட்டி மேய்ப்பதானால் நாய் வரும் இடத்தில் ஆளில்லாமல் விடாதீர்கள். கட்டிய ஆட்டால் ஓட முடியாது.

பனி காயும் முன் மேய்க்கக் கூடாது. ஈரப் புல்நுனியில்தான் புழுவின் இளம் பருவங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் அவிழ்த்து விடுங்கள். சித்திரை, வைகாசியில் நேர்மாறாக, வெயில் ஏறும் முன் மேய்த்து, பதினொன்றுக்குள் நிழலுக்குக் கொண்டுவந்து, மூன்றரைக்கு மேல் மறுபடி விடலாம். வயல் வாய்க்கால் ஓரத்தையும் நீர் தேங்கிய பள்ளத்தையும் தவிர்த்துவிடுங்கள்; தண்ணீரை வீட்டிலேயே காட்டிவிட்டுக் கிளம்பினால் குட்டையில் வாய் வைக்காது. புது ஆட்டைச் சீமைக்கருவேலங்காட்டில் விட்டால் நெற்றையே தின்று வயிற்றை நிரப்பப் பார்க்கும், கொஞ்ச நேரத்தில் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

கிடா சேர்ப்பதற்கு அவசரம் வேண்டாம்

பெட்டைகள் வந்து ஓர் இரண்டு மாதமாவது உடம்பு தேறட்டும். பருவத்துக்கு வராத குட்டியை, வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வருவதற்கு முன் கிடாவோடு விடாதீர்கள். முதல் ஈற்றில் சிக்கினால் தாயும் போகும் குட்டியும் போகும். ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும்: வாலை ஆட்டும், காரணமில்லாமல் கத்தும், மற்ற ஆட்டின் மேல் ஏறும், பிறப்புறுப்பில் ஈரம் தெரியும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். சேர்த்த நாளிலிருந்து 150 நாள், அதாவது ஐந்து மாதம் கழித்துக் குட்டி. பின்னோக்கி எண்ணிப் பார்த்து, குட்டி அடைமழையில் ஐப்பசி, கார்த்திகையில் விழாதபடி சேர்க்கும் மாதத்தைத் தள்ளி வையுங்கள். கிடா அதே பட்டியில் வாங்கியது என்றால் அண்ணன் தங்கையாக இருக்கலாம், விற்றவரிடம் கேட்டுவிட்டு, சந்தேகம் இருந்தால் பக்கத்து ஊர்க் கிடாவுக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அந்தக் கிடாவுக்குக் கழிச்சலோ மூக்கொழுகலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். அங்கே போய்த் திரும்பிய பெட்டையையும் பத்துப் பதினைந்து நாள் தனியாகவே கட்டி வையுங்கள்.